ரோட்டுக்குப் போகும் நிலம்: இழப்பீட்டுக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

“சென்ட்டுக்கு எவ்வளவு தருவாங்க?”

நாலுவழிச் சாலை வரப்போகிறது, நம்ம காட்டு வழியாகத்தான் போகிறது என்று சேதி வந்ததும் ஊரில் கிளம்பும் முதல் கேள்வி இதுதான். டீக்கடையில் ஒருவர் பத்தாயிரம் என்பார். இன்னொருவர், பக்கத்து ஊரில் ஒரு லட்சம் கொடுத்தார்களே என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒரே சாலைக்கு எடுத்த, ஒரே மாதிரி மண்ணுள்ள இரண்டு துண்டு நிலங்களுக்குப் பத்து மடங்கு வித்தியாசத்தில் பணம் வருவதுண்டு.

அரசு பணம் கொடுப்பது தாளில் இருக்கும் நிலத்துக்கு. பட்டாவில் யார் பெயர், அடங்கலில் (கிராம நிலக் கணக்கில்) என்ன வகை, பத்திரத்தில் என்ன விலை, மகஜரில் (நேரில் பார்த்து எழுதும் பட்டியலில்) எத்தனை மரம் என்று பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நாம் உழுத நிலமும் அந்தத் தாளில் உள்ள நிலமும் ஒன்றாக இல்லாத இடத்தில்தான் பெரும்பாலான தகராறுகள் தொடங்குகின்றன. சர்வேயர் வருவதற்கு முன்பே இதைத் தெரிந்துவைத்திருந்தால் பல குடும்பங்கள் இவ்வளவு இழந்திருக்காது என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

‘தரமாட்டேன்’ என்று சொல்லலாமா?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978இல் வந்த 44ஆவது அரசமைப்புத் திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது 300ஏ என்ற பிரிவில் அது அரசமைப்பு உரிமையாக இருக்கிறது. சட்டப்படி அல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். சட்டப்படி என்றால் எடுக்கலாம்.

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் 70 சதவீதம், 80 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறதே என்று பலரும் கேட்பார்கள். அந்தச் சம்மதம் தனியார் நிறுவனங்களுக்கும் அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களுக்கும் நிலம் எடுக்கும்போதுதான். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ். அதில் சம்மதமும் கிடையாது, சமூகத் தாக்க ஆய்வும் கிடையாது. 2013 சட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வு உதவிகளும்தான். அதுவும் 2015 ஆகஸ்டில் மத்திய அரசு பிறப்பித்த ஓர் உத்தரவால் உறுதியானது.

மாநில நெடுஞ்சாலை என்றால் சட்டமே வேறு: தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001. அதன் நடைமுறையும் மேல்முறையீட்டு வழியும் வேறு. எனவே நோட்டீஸ் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்பதைத்தான். இந்தக் கட்டுரையில் தேசிய நெடுஞ்சாலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றுஏ, மூன்றுடி

நில எடுப்பு அலுவலகத்துக்கு நாலு தடவை போய் வந்தவர்கள் ‘3ஏ ஆகிவிட்டது’, ‘3டி வந்துவிட்டது’ என்று சரளமாகப் பேசுவார்கள். சட்டத்தின் பிரிவு எண்கள்தான் அவை.

3ஏ என்பது ‘இந்த நிலங்களை எடுக்க எண்ணியிருக்கிறோம்’ என்ற அறிவிப்பு. மத்திய அரசிதழில் வரும். அதன் சாரத்தை இரண்டு செய்தித்தாள்களில் போட வேண்டும், ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். நம் ஊரில் அது தமிழ் நாளிதழின் உள்பக்கத்தில், பொடி எழுத்தில், கட்டம் கட்டமாக வரும். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு, நிலத்தின் வகை, பரப்பு, உரிமையாளர் பெயர் என்று வரிசையாக இருக்கும்.

அந்தக் கட்டத்தில் பரப்பு 0.0820 என்று இருந்தால் பலருக்கு ஒன்றும் புரியாது. அது ஹெக்டேர் கணக்கு. அதை 247ஆல் பெருக்கினால் சென்ட் கிடைக்கும். 0.0820 ஹெக்டேர் என்றால் 820 சதுர மீட்டர், ஏறக்குறைய 20 சென்ட். ‘பூஜ்யம் பாயிண்ட் பூஜ்யம் எட்டுதானே, போனால் போகிறது’ என்று இருந்துவிடக் கூடாது. வீட்டில் இருக்கும் புலப்படத்தோடு ஒப்பிட்டு எந்த மூலை போகிறது, கிணறு கோட்டுக்கு உள்ளே வருகிறதா வெளியே நிற்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். ஏனென்றால் 3சி என்ற பிரிவின்படி ஆட்சேபணை சொல்ல அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாள்தான் இருக்கிறது. ஊருக்குச் சேதி வந்து சேரவே பாதி நாள் போய்விடும்.

ஆட்சேபணையை எழுதித்தான் கொடுக்க வேண்டும். தகுதி பெற்ற அதிகாரி என்று சட்டம் சொல்பவர், தமிழ்நாட்டில் பெரும்பாலும் நில எடுப்புக்கான சிறப்பு மாவட்ட வருவாய் அலுவலர், உங்களை நேரில் அழைத்தோ வழக்கறிஞர் மூலமோ கேட்டாக வேண்டும். ‘விலை போதாது’ என்பதை இந்த இடத்தில் சொல்லிப் பயனில்லை, அதற்கான கட்டம் பிறகு வரும். இங்கே சொல்ல வேண்டியது வேறு: பக்கத்தில் புறம்போக்கு இருக்க ஏன் குடியிருப்பு வழியாகக் கோடு போகிறது, வரைபடத்தில் ஓடை ஏன் விட்டுப்போயிருக்கிறது, என் சர்வே நம்பர் தப்பாக இருக்கிறது என்பன போன்றவை. இந்த விசாரணை பல ஊர்களில் கையெழுத்து வாங்கும் சடங்காக முடிந்துவிடுகிறது என்பது வேதனையான உண்மை. ஆனாலும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்தால் பின்னால் கோர்ட்டில் காட்ட ஒரு தாளாவது இருக்கும்.

அப்புறம் 3டி. ஆட்சேபணைகளைத் தீர்த்த பிறகு, 3ஏ வந்த ஓராண்டுக்குள் இந்த அறிவிப்பு வர வேண்டும். வராவிட்டால் 3ஏ காலாவதி ஆகிவிடும். நீதிமன்றத் தடை இருந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். 3டி அரசிதழில் வந்த நிமிடம் நிலம் எல்லா வில்லங்கமும் நீங்கி மத்திய அரசுக்குப் போய்விடுகிறது. பணம் கைக்கு வந்திருக்க வேண்டும் என்றில்லை, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்றும் இல்லை. வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது. தாளில் மட்டும் நிலம் கைமாறியிருக்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சேலம் எட்டுவழிச் சாலை வழக்கை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே 277 கிலோமீட்டருக்கு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்கள் வழியாக 2018இல் அறிவித்த பசுமைவழிச் சாலை அது. 3ஏ கட்டத்திலேயே வருவாய் ஆவணங்களில் உரிமையாளர் விவரத்தை மாற்றிவிட்டார்கள். 2019 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. அரசு மேலே போனது. 2020 டிசம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அறிவிப்புகள் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் ஆவணங்களை நில உரிமையாளர்கள் பெயருக்கே திருப்பி மாற்ற வேண்டும் என்பது மட்டும் நின்றது. காரணம், 3டி வராத வரை நிலம் அரசினுடையது அல்ல. விவசாயிகள் வழக்கின் பெரும்பகுதியைத் தோற்றார்கள். இந்த ஒரு வரியை அவர்கள் வென்றது மற்ற எல்லா ஊர்க்காரர்களுக்கும் உதவக்கூடியது: 3ஏ மட்டும் வந்திருக்கும்போது ‘நிலம் போய்விட்டது, பட்டா மாறிவிட்டது’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இனி பணம். 3ஏ வெளியான தேதியில் நிலத்தின் சந்தை விலை என்ன என்பதுதான் அடித்தளம். அதைக் கண்டுபிடிக்க 2013 சட்டத்தின் 26ஆம் பிரிவு வழி சொல்கிறது. ஒன்று, பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரம் பதிய அரசு வைத்திருக்கும் அடிமட்ட விலை. இன்னொன்று, அந்த ஊரிலோ அக்கம்பக்கத்திலோ அதே மாதிரி நிலத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களின் சராசரி. இதில் எல்லாப் பத்திரத்தையும் சேர்த்துச் சராசரி போட மாட்டார்கள். ஆறு பத்திரம் இருந்தால், அதிக விலை உள்ள மூன்றை எடுத்து அவற்றின் சராசரி. வழிகாட்டி மதிப்பு, இந்தச் சராசரி, இரண்டில் எது அதிகமோ அது.

அந்த விலையைக் கிராமப் பகுதியில் ஒரு காரணியால் பெருக்குவார்கள். 1 முதல் 2 வரை மாநில அரசு நிர்ணயிக்கலாம், நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்து. நகர்ப்புறம் என்றால் 1தான், அதாவது பெருக்கல் இல்லை. பிறகு கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்ப்பார்கள். வரும் கூட்டுத்தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ‘ஆறுதல் தொகை’. மனமில்லாமல் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதற்கானது இது. கடைசியாக, 3ஏ தேதியிலிருந்து அவார்டு (இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்யும் உத்தரவு) வரும் நாள்வரை அல்லது நிலத்தை எடுத்துக்கொண்ட நாள்வரை, எது முந்தியதோ அதுவரை, சந்தை விலையின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம்.

ஒரு கற்பனைக் கணக்கு. 20 சென்ட் போகிறது. சந்தை விலை சென்ட்டுக்கு 20,000 ரூபாய் என்று முடிவாகிறது. மொத்தம் 4,00,000. காரணி 1.25 என்று வைத்தால் 5,00,000. கிணறும் மரங்களும் 1,00,000. ஆக 6,00,000. ஆறுதல் தொகை இன்னொரு 6,00,000. அவார்டு ஒன்றரை ஆண்டு கழித்து வந்தால் 4,00,000க்கு 12 சதவீதம் வீதம் 72,000. மொத்தம் 12,72,000.

இப்போது அதே நிலத்துக்குப் பத்திரங்களில் பதிவான விலை சென்ட்டுக்கு 8,000தான், வழிகாட்டி மதிப்பும் அதைத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,60,000. காரணியோடு 2,00,000. கிணறு, மரம் சேர்த்து 3,00,000. இரட்டித்தால் 6,00,000. 12 சதவீதம் 28,800. மொத்தம் 6,28,800. சென்ட்டுக்கு 12,000 குறைந்ததால் நிலத்தின் மதிப்பில் குறைந்தது 2,40,000. கைக்கு வருவதில் குறைந்தது 6,43,200.

நம் ஊர் வழக்கத்தின் மிகப் பெரிய காயம் இந்த இடத்தில்தான். நிலம் வாங்கும்போது முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்டு, மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடுவோம். ஊரே அப்படிச் செய்யும்போது ஊரில் ஒரு பத்திரம்கூட உண்மை விலையைச் சொல்லாது. ‘பக்கத்துக் காடு சென்ட் ஐம்பதாயிரத்துக்குப் போனது, ஊருக்கே தெரியும்’ என்று அதிகாரி முன்னால் நின்று சொன்னால், ‘பத்திரத்தைக் காட்டுங்கள்’ என்பார். காட்ட முடியாது. சோகம் என்னவென்றால், கட்டணம் மிச்சம் பிடித்தவர் ஒருவராக இருப்பார், நஷ்டப்படுபவர் வேறொருவராக இருப்பார். நாற்பது வருடமாக ஒரு சென்ட்கூட வாங்காத, விற்காத விதவைப் பாட்டியின் நிலத்துக்கும் அந்தப் பத்திரங்களை வைத்துத்தான் விலை.

வழிகாட்டி மதிப்பும் இதே மாதிரிதான். 2017 ஜூனில் தமிழக அரசு அதை 33 சதவீதம் குறைத்தது. மனை வாங்குபவர்களுக்கு நல்ல செய்தி. அதை நம்பி இழப்பீடு வாங்க வேண்டியவர்களுக்கு அடிமட்ட விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அன்று அதை அந்தக் கோணத்தில் பேசியவர்கள் குறைவு.

நிலத்தின் வகைதான் அடுத்த பெரிய சண்டை. விவசாய நிலத்தின் வழிகாட்டி மதிப்பு ஏக்கர் கணக்கில் இருக்கும். மனையின் மதிப்பு சதுர அடிக் கணக்கில். ஏக்கர் 10 லட்சம் என்றால் சென்ட் 10,000. சதுர அடி 300 ரூபாய் என்றால் சென்ட்டுக்கு 1,30,680. பதின்மூன்று மடங்கு. ரோட்டோரமாக, இருபுறமும் வீடுகள் முளைத்துவிட்ட இடத்தில் இருக்கும் ஒரு புஞ்சையை எந்த வகையில் சேர்ப்பது? ஆவணத்தில் புஞ்சை என்றால் புஞ்சை விலை என்று அலுவலகம் முதலில் எழுதும். மனையாகப் பயன்பட்டதற்கு வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, மனைப்பிரிவு அனுமதி என்று ஏதாவது ஒரு தாள் வேண்டும். டீக்கடையில் கேட்ட பத்தாயிரமும் ஒரு லட்சமும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தால் வந்தவை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிணறு

எனக்கு மாமா முறை ஆகும் ஒருவரின் நிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்றே முக்கால் ஏக்கர். நடுவில் கோடு போட்ட மாதிரி 40 சென்ட் சாலைக்குப் போனது. கிணறு மேற்குப் பக்கம் தப்பித்தது. தென்னையும் வாழையும் கிழக்குப் பக்கம். இடையில் ஆள் உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கிய சாலை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தண்ணீர் கொண்டுபோக வழியில்லை. சாலைக்கு அடியில் குழாய் பதிக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும், செலவும் அவருடையது. மாட்டை ஓட்டிக்கொண்டு போக அடுத்த சுரங்கப்பாதை இரண்டு கிலோமீட்டர் தள்ளி. மழைக்காலத்தில் மேட்டை ஒட்டித் தண்ணீர் தேங்கி, வேர் அழுகியது. அவருக்குக் கிடைத்தது அந்த 40 சென்ட்டின் விலை மட்டும்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 3ஜி(7) என்ற பிரிவு, நிலத்தின் விலையோடு இன்னும் மூன்று விஷயங்களைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது: ஒரு பகுதியை வெட்டி எடுத்ததால் மீதி நிலத்துக்கு வந்த சேதம், உங்களுடைய வேறு சொத்துக்கோ வருமானத்துக்கோ வந்த பாதிப்பு, வீட்டையோ தொழிலையோ இடம் மாற்ற வேண்டி வந்தால் அதற்கு ஆகும் நியாயமான செலவு. கேட்டால்தான் இது கிடைக்கும். இழப்பீடு நிர்ணயிக்கும் முன் அதிகாரி செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்து உரிமை கோருபவர்களை அழைக்க வேண்டும். அப்போது எழுதிக் கொடுக்கும் கோரிக்கையில் இதைக் கேட்க வேண்டும். மாமா கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

மரங்களிலும் இப்படித்தான். மரத்தை எண்ணும் ஆள் வரும்போது வீட்டில் யாரும் இல்லை என்றால் அவர் எழுதியதுதான் கணக்கு. காய்க்கிற தென்னையையும் மூன்று வயதுத் தென்னம்பிள்ளையையும் ஒரே விலையில் போட முடியாது. ஆழ்துளைக் கிணற்றின் மதிப்பு எத்தனை அடி, எத்தனை அடிவரை கேசிங் குழாய் இறக்கியிருக்கிறது என்பதில் இருக்கிறது. அது மேலே நின்று பார்த்தால் தெரியாது. போர் போட்ட பில்லை எடுத்து நீட்ட வேண்டும். மகஜரில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படித்து, விட்டுப்போனதைக் கையோடு எழுதச் சொல்ல வேண்டும்.

பணம் யாருக்கு?

தொகை முடிவானாலும் பணம் வராமல் வருடக்கணக்கில் கிடக்கும் நிலங்கள் உண்டு. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா இறந்து முப்பது வருடம் ஆகியிருக்கும். அவருக்கு ஐந்து பிள்ளைகள், அதில் இருவர் இப்போது இல்லை. அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு உழுதிருப்பார்கள். பத்திரம் இல்லை. கல்யாணமாகிப் போன அத்தைகளுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும் வந்த வாரிசுரிமைத் திருத்தங்களுக்குப் பிறகு கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை என்பதைப் பல குடும்பங்கள் இழப்பீட்டு நோட்டீஸ் வரும்போதுதான் முதல்முறையாகப் பேசுகின்றன. பேச்சு சண்டையாகி, பங்குத் தகராறு என்று ஆகிவிட்டால், 3எச்(4) பிரிவின்படி அதிகாரி விஷயத்தைச் சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். அதோடு பணமும் அங்கே போய்க் கிடக்கும், சாலை மட்டும் போட்டு முடிந்துவிடும்.

சாலை வரும் என்ற வதந்தி கேட்ட உடனேயே வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை மாற்றி, வில்லங்கச் சான்று எடுத்து வைத்துவிட்டால் இதில் பாதி தலைவலி குறையும். பெயரில் ஒரு எழுத்துத் தப்பு இருந்தாலும் ஆதாரோடு ஒத்துப்போகாமல் பணம் நின்றுவிடுகிறது. சின்ன விஷயம்தான், ஆனால் எத்தனை பேரை அலையவிட்டிருக்கிறது!

நிலமே இல்லாதவர்களை இந்தக் கணக்கு எளிதில் மறந்துவிடும். குத்தகைக்கு உழுதவர், அந்தத் தோப்பை நம்பிக் கூலி வேலை செய்தவர், ரோட்டோரக் கடைக்காரர். 2013 சட்டம் இவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்கிறது, மூன்று ஆண்டுகளாவது அந்த இடத்தை நம்பி வாழ்ந்திருந்தால். வேலை, ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று அதன் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. இடம்பெயர்ந்தால் தனியாக உதவித் தொகைகளும் உண்டு. பட்டா இல்லாதவர் தான் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, மின் ரசீது இவற்றைத்தான் நம்ப வேண்டும்.

தொகை போதாது என்றால்

அவார்டில் வந்த தொகை ஏற்கத்தக்கதாக இல்லை என்றால் அடுத்த படி, நடுவர். 3ஜி(5) பிரிவின்படி மத்திய அரசு நியமிப்பவர். தமிழ்நாட்டில் அது வழக்கமாக மாவட்ட ஆட்சியர்தான். இந்த அமைப்பில் ஒரு கோளாறு இருப்பதாக நான் உறுதியாக நினைக்கிறேன். விலை வைத்தவர் வருவாய்த் துறை அதிகாரி. அந்த விலை சரியா என்று பார்ப்பவர் அதே மாவட்ட நிர்வாகத்தின் தலைவர். சாலை வேலை தாமதமாகாமல் பார்க்கும் பொறுப்பும் அவருக்கு உண்டு. நேர்மையான ஆட்சியராகவே இருந்தாலும் நிலம் இழந்தவருக்கு எப்படி நம்பிக்கை வரும்?

நடுவர் தீர்ப்பிலும் திருப்தி இல்லை என்றால், 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். மூன்று மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கு இந்த நடைமுறையின் கதையை முழுதாகச் சொல்கிறது. அதிகாரி வைத்த விலை சதுர மீட்டருக்கு 46.55 ரூபாயிலிருந்து 83.15 ரூபாய்வரை. நம் கணக்கில் சொன்னால் சென்ட்டுக்குச் சுமார் 1,900 முதல் 3,400 ரூபாய். வழிகாட்டி மதிப்பை அப்படியே எடுத்ததால் வந்த விலை. நடுவரான ஆட்சியர் அதில் கை வைக்கவில்லை. மாவட்ட நீதிபதி அதைச் சதுர மீட்டருக்கு 645 ரூபாயாக, அதாவது சென்ட்டுக்குச் சுமார் 26,000 ஆக உயர்த்தினார். ஹக்கீம் வழக்கு என்று அறியப்படும் இதில் 2021 ஜூலை 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 34ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பை ரத்து செய்யலாம், தொகையைத் திருத்தி எழுத முடியாது என்றது. ஆனால், அதே மாதிரி நிலம் கொடுத்த மற்றவர்களுக்கு நெடுஞ்சாலை ஆணையம் கூடுதல் தொகையை ஏற்றுக்கொண்டிருந்ததால், இந்தக் குடும்பங்களுக்கு உயர்த்திக் கொடுத்ததில் மட்டும் தலையிடவில்லை. அவர்கள் தப்பித்தார்கள். பின்னால் வந்தவர்களுக்குக் கதவு குறுகியது.

2025 ஏப்ரல் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. கணக்குப் பிழை, எழுத்துப் பிழை, பிரித்தெடுக்கக்கூடிய தவறான பகுதி, சில சமயம் வட்டி ஆகியவற்றைத் திருத்தலாம் என்றது. நிலத்தின் விலையையே புதிதாக நிர்ணயிக்க அது பொது அனுமதி தரவில்லை. எனவே பத்திர நகல், மதிப்பீட்டாளர் அறிக்கை, அக்கம்பக்க நிலங்களின் அவார்டு எல்லாவற்றையும் நடுவர் முன்னாலேயே வைத்துவிட வேண்டும். ‘அதெல்லாம் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பழைய நில எடுப்புகளில் இன்னொரு உரிமை கிடக்கிறது. 1997க்கும் 2015க்கும் இடையே தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகையே கிடையாது என்று சட்டம் வைத்திருந்தது. 2019 செப்டம்பரில் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது. 30 சதவீத ஆறுதல் தொகையும் வட்டியும் அவர்களுக்கும் உண்டு என்றது. இனிமேல் எடுக்கும் நிலங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாமே என்று நெடுஞ்சாலை ஆணையம் கேட்டதை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிராகரித்துவிட்டது. அந்தக் காலத்தில் உங்கள் வீட்டில் யாராவது ரோட்டுக்கு நிலம் கொடுத்திருந்தால், பெட்டியில் இருக்கும் அவார்டு நகலை எடுத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வழக்குப் போடுவதால் பணத்தை வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. தொகையை வாங்கிக்கொண்டு, ரசீதில் கையெழுத்துக்கு மேலே ‘ஆட்சேபணைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கைப்பட எழுதி, அதன் நகலை வைத்துக்கொள்ளலாம்.

தொகையை அரசு கட்டிய பிறகு, நிலத்தை ஒப்படைக்கச் சொல்லி 3இ பிரிவில் நோட்டீஸ் வரும். 60 நாள் அவகாசம். நிற்கும் பயிரை அறுத்துக்கொள்ள எழுதிக் கேட்கலாம். அந்த 60 நாளுக்குள் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, போனை எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு மரத்தையும், கிணற்றின் உறைகளையும், மோட்டார் ரூமையும், பைப் போகும் தடத்தையும் தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். நடுவர் விசாரணைக்குக் கூப்பிடும்போது அங்கே தார் ரோடு இருக்கும்.